காந்தத்தின் அருகே நிற்பவர்கள்

வரைபடத்தில் தெரிந்த அந்தக் கோட்டைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்லி ஆய்வுக்குழுவில் எல்லோரும் மாரிக்கனிக்கு அறிவுரை சொல்லியாகிவிட்டது. சொன்னவர்கள் எல்லோரும் படித்த வீட்டுப் பிள்ளைகள். அப்பா பேராசிரியர், அம்மா டாக்டர், தாத்தா காலத்திலேயே வீட்டில் நூலகம். மாரிக்கனி வீட்டுக்கு டிகிரி என்ற சொல்லையே அவள்தான் கொண்டுபோனாள். அதில் அவளுக்கு ஒரு வசதி இருந்தது. யார் முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்று அவளுக்கு யாரும் பழக்கவில்லை.

பெர்சியஸ் என்றொரு கேலக்ஸிக் கொத்து. ஆயிரக்கணக்கான கேலக்ஸிகள் ஒரே மந்தையாக, இருபத்து நான்கு கோடி ஒளியாண்டுக்கு அப்பால். அதிலிருந்து வரும் எக்ஸ்-ரேயைப் பிரித்து வரைபடம் போட்டால் இரும்புக்கு ஒரு மேடு வரும், கந்தகத்துக்கு ஒரு மேடு, கால்சியத்துக்கு ஒரு மேடு. நடுவில், மூன்றரை கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்ற இடத்தில், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சின்ன மேடு. இப்படியொரு மேட்டைத்தான் அவர்கள் தொழிலில் கோடு என்பார்கள். அந்த இடத்தில் ஒளிர்வதற்கு எந்தத் தனிமத்துக்கும் வேலை இல்லை. கரும்பொருள்தான் அப்படி ஒளிர்கிறது என்றது ஒரு கட்சி. அதாவது கண்ணில் படாமல், எடையை மட்டும் காட்டிக்கொண்டு, பிரபஞ்சத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பொருள். கருவிக் கோளாறு என்றது இன்னொரு கட்சி. சண்டையைத் தீர்க்கத்தான் 'நோக்கி' என்ற விண்கலத்தை மேலே அனுப்பியிருந்தார்கள்.

எக்ஸ்-ரே வானியலில் ஒரு பழக்கம் உண்டு. முதலில் ஒன்றுமில்லாத வெறும் வானத்தைப் பார்த்து வைத்துக்கொள்வார்கள். அதில் தெரிவதெல்லாம் கருவியின் சொந்தக் கசிவு என்று கணக்கு. பிறகு கொத்தைப் பார்ப்பார்கள். கொத்தில் தெரிந்ததிலிருந்து வெறும் வானத்தில் தெரிந்ததைக் கழித்துவிட்டால் மிச்சம்தான் உண்மை. கழித்துப் போட்டதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாரிக்கனி பார்த்தாள். வெறும் வானத்திலும் அதே மூன்றரையில் ஒரு மேடு இருந்தது. மாதத்துக்கு மாதம் வளர்ந்துகொண்டும் இருந்தது.

"அது நம்ம காந்தம், கனி," என்றான் அல்தாஃப். கருவியைக் குளிர வைக்கும் பொறியாளன் அவன். நோக்கியின் கண் வேலை செய்ய வேண்டுமென்றால் அதை உறைநிலைக்கெல்லாம் கீழே, இனி குளிரவே முடியாது என்கிற எல்லைக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு பலத்த காந்தத்தின் வலுவை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார்கள். "காந்தம் ஏறும்போது மேடு ஏறுது. இறங்கும்போது இறங்குது. இதுக்கு மேல என்ன வேணும்? என் காந்தம்தான் திருடன். ஒத்துக்கறேன், கையில விலங்கு மாட்டு."

"எவ்வளவு ஏறுதுன்னு பாத்தீங்களா?"

"ஏறுது. அதான் தெரியுதே."

"காந்தம் ரெண்டு மடங்கு ஆனா மேடு நாலு மடங்கு ஆகுது. மூணு மடங்குன்னா ஒம்பது. கோளாறு எங்கயாவது இப்படி வாய்ப்பாடு படிச்சிட்டு வருமா?"

மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்த பேராசிரியர் பத்மாசனி அப்போதுதான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நோக்கியின் தலைமை அறிவியலாளர். ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த காலத்தில் அந்த மேசைக்கு வந்து, அவர்களில் பலரை வழியனுப்பியும் வைத்தவர். கண்ணாடியைக் கழற்றினால் இனி நகைச்சுவை கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும்.

"சொல்லுங்க, மாரிக்கனி. முழுசா சொல்லுங்க."

"கரும்பொருள் துகள் எல்லா இடத்துலயும் ஓடிக்கிட்டு இருக்கு, மேடம். இந்த அறையில, நம்ம உடம்புக்குள்ள, எல்லா இடத்துலயும். எதையும் தொடாது. ஆனா காந்தப்புலத்துக்குள்ள போனா கோடியில ஒண்ணு எக்ஸ்-ரேயா மாறிடுது. பெர்சியஸ்ல காந்தப்புலம் ரொம்பச் சோனி. ஆனா லட்சக்கணக்கான ஒளியாண்டு நீளத்துக்கு இருக்கு. அதனால நமக்குத் தெரியுது. நம்ம கலத்துல இருக்கிற காந்தம் ஒரு சாண்தான். ஆனா வலுவானது. அதனால இங்கயும் தெரியுது. ரெண்டும் ஒரே சமாச்சாரம். நாம இதைக் கழிச்சு அதை மட்டும் நம்பறோம்."

"மாசாமாசம் ஏறுறதுக்கு என்ன சொல்றீங்க?"

"சூரியக் குடும்பம் ஒரு அடர்த்தியான கரும்பொருள் ஓடைக்குள்ள நுழையுதுன்னு நினைக்கிறேன். இன்னும் சில வருஷம் உள்ளேயேதான் இருப்போம்."

பத்மாசனி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பேசியபோது குரலில் ஒரு துள்ளல் இருந்தது. "ஒரே ஒரு காந்தத்தை வெச்சு இதைச் சொன்னா சிரிப்பாங்க. நிறைய காந்தம் வேணும். பூமியில, பெருசா, ராப்பகலா ஓடிக்கிட்டிருக்கிற காந்தம்."

"அதுக்கு ஏன் எங்கயோ போகணும்? ஊருக்கு ரெண்டு இருக்கே," என்று அல்தாஃப் சிரித்தான். "எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷின் பூராவும் காந்தம்தானே. கரண்டு போனாக்கூட அணையாது."

எல்லோரும் சிரித்தார்கள், மாரிக்கனி ஒருத்தியைத் தவிர. திருநெல்வேலியில் ஒரு ஸ்கேன் சென்டரில், அப்படியொரு காந்தத்தின் வாய்க்குள் இடுப்புவரை நுழைந்து வேலை பார்ப்பவள் அவளுடைய மதினி.

திட்டத்தைப் பத்மாசனி ஒரே வாரத்தில் போட்டுவிட்டார். எக்ஸ்-ரே அறையில் வேலை செய்பவர்கள் சட்டையில் ஒரு பிளாஸ்டிக் பேட்ஜ் குத்தியிருப்பார்கள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது பதிந்து வைக்கும். எம்.ஆர்.ஐ. அறையில் அந்தப் பேட்ஜ் கிடையாது. அங்கேதான் கதிரே இல்லையே, எதற்கு? அல்தாஃப் அதில் வேறொரு படிகத்தை வைத்து, மூன்றரைக்கு மட்டும் பதில் சொல்லும்படி மாற்றினான். காந்தத்துக்குள் எதையாவது ஒட்டினால் படம் கெட்டுப்போகும் என்று எந்த சென்டரும் ஒப்புக்கொள்ளாது. ஊழியரின் சட்டைப்பையில் குத்துவதற்கு யார் மறுப்பார்கள்? தமிழ்நாடு முழுக்கவும், ஆந்திராவில் சித்தூர் பக்கமும் சென்டர்களைப் பிடித்தார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. குத்திக்கொள்பவர்களுக்கு எதற்கென்று தெரியக்கூடாது. தெரிந்தால் நடமாட்டம் மாறும், நடமாட்டம் மாறினால் அளவு மாறும். அறிவியலில் இது மரியாதையான முறை, குருட்டுச் சோதனை என்று பெயர். கேட்டால் "வேலைச்சூழல் ஆய்வு" என்று சொல்ல வேண்டும். ஆய்வு நெறிக்குழு சிரமமில்லாமல் ஒப்புதல் தந்தது. அந்தப் பேட்ஜ் யாரையும் ஒன்றும் செய்யாது என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார்கள். அது சத்தியமான உண்மை.

தென்மாவட்டங்களுக்கு மாரிக்கனியே போனாள்.

"வாங்க விஞ்ஞானி," என்றாள் தங்கபுஷ்பம். ரேடியாலஜி டிப்ளமோ படித்தவள். அண்ணன் சுடலைமுத்துவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நாத்தனாரை ஓட்டுவதை ஒரு கடமையாக வைத்திருப்பவள். "பஸ்ஸ விட்டு எறங்கி நேரா ஸ்கேனுக்கு வந்திட்டியா? வீட்டுக்கு வழி மறந்துபோச்சோ?"

"வீட்டுல அண்ணன் இருப்பான். அவன் மூஞ்சிக்கு இந்தக் காந்தம் தேவல, மைனி."

"அத நான்லா சொல்லணும். கட்டிக்கிட்டவ நானு. சரி, அந்த ஸ்டூல்ல இரி. செல்போனு, வாட்சு, கம்மலு எல்லாத்தையும் கழத்தி வைய்யி. இது இழுத்துச்சுன்னா ஒன் காதோட சேத்து இழுத்துக்கும்."

ஒரு வயதுப் பெண் குழந்தை ஸ்கேனுக்கு வந்திருந்தது. மயக்க மருந்து இல்லாமல் குழந்தைகளுக்கு ஸ்கேன் எடுக்கப்படும் என்று வாசலில் பெரிய பலகை தொங்கியது. அந்தப் பலகையின் அர்த்தம் என்னவென்று மாரிக்கனி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தங்கபுஷ்பம் குழந்தையைத் துணியில் சுற்றி உள்ளே தள்ளினாள். பின்னாலேயே தானும் குனிந்து, இடுப்புவரை அந்த உருளைக்குள் நுழைந்து, குழந்தையின் இரண்டு பக்கமும் கையை நீட்டி அசையாமல் பிடித்துக்கொண்டாள். மெஷின் தகரத்தில் சுத்தியல் அடிப்பதுபோலச் சத்தம் போட்டது. சத்தத்தை மீறி அவள் பாடிக்கொண்டிருந்தது வாயசைவில் தெரிந்தது. குழந்தை அழவில்லை.

வெளியே வந்து கையைத் துடைத்தபோதுதான் மாரிக்கனி பார்த்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் சிவந்து, காய்ந்து, செதில் செதிலாக நின்றது. கன்னத்தில் ஒரு பக்கமும் லேசாகக் கறுத்திருந்தது.

"இது என்ன மைனி?"

"சானிட்டைசர் அலர்ஜியாம். எங்க டாக்டரு களிம்பு எழுதிக் குடுத்தாரு. தேய்க்கேன், தேய்க்கேன், போவேனான்னு நிக்கி. சாந்தின்னு ராத்திரி ஷிப்ட்டு பாக்கவ, அவளுக்கும் இருக்கு. கூட்டிப் பெருக்குத அக்காவுக்கும் இருக்கு. அந்த அக்கா சானிட்டைசரத் தொட்டதே இல்ல, அதான் கூத்து." அவள் பேட்ஜைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இது என்னத்துக்கு?"

மாரிக்கனி மனப்பாடம் செய்திருந்த வாக்கியம் தொண்டையில் தயாராக இருந்தது. "வேலைச்சூழல் ஆய்வு."

"சூழல்னா? ஏசி, கீசி, அப்பிடியா?"

"ஆமா. ஏசிதான்."

"நல்லா எழுது ட்டீ. மார்கழி மாசங்கூட பதினெட்டுல வச்சிக் கொல்லுதானுவ." தங்கபுஷ்பம் பேட்ஜைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, நாத்தனார் கொடுத்த பதக்கம் மாதிரி ஒருமுறை நெஞ்சை நிமிர்த்திக் காட்டினாள். "எப்பிடி இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்றாள் மாரிக்கனி. வேலைக்குத் திரும்பும் பஸ்ஸில் தன் வாயைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. இன்னும் அளவு வரவில்லை, ஊகத்தை வைத்து யாரையும் பயமுறுத்தக்கூடாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். படித்தவர்களின் சமாதானம் அவளுக்கும் கைவந்திருந்தது.

முதல் சுற்றுப் பேட்ஜுகள் வந்து சேர்ந்தன. அல்தாஃப் ஒவ்வொன்றாகப் படித்தான். வரவேற்பறையில் உட்காருபவர்களின் பேட்ஜ் வெறுமை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவர்களுடையது ஏறக்குறைய வெறுமை. காந்தத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்களுடையதில் மூன்றரை. வலுவான மெஷினில் அதிகம், வலுக்குறைந்த மெஷினில் குறைவு, அதே வாய்ப்பாட்டின்படி. எல்லாவற்றிலும் உச்சமாக இருந்த பேட்ஜ் திருநெல்வேலியிலிருந்து வந்தது.

பத்மாசனி தன் அறைக்குக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது. "நாலு சிக்மாவுக்குப் பக்கத்துல இருக்கோம். என் வாழ்நாள்ல இப்படி ஒரு கோட்டைப் பாத்ததில்ல. இன்னொரு சுற்று, மூணே மாசம், அஞ்சைத் தொட்டுடுவோம்."

சிக்மா என்பது அவர்கள் தொழிலின் நம்பிக்கை அளவு. ஐந்து சிக்மா என்றால், இது தற்செயலாக நடப்பதற்கு முப்பத்தைந்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். அதைத் தொட்டால் மட்டுமே கட்டுரைத் தலைப்பில் 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லைப் போடலாம். அதற்குக் கீழே இருந்தால் 'அறிகுறி'. அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் பரிசுகளும் வேலைகளும் கிடந்தன.

"கட்டுரையில முதல் பேர் உங்க பேர்தான், மாரிக்கனி. ஜெர்மனியில ஒரு இடம் காலியாகுது. நான் பேசிட்டேன்."

"நன்றி மேடம். ஆனா அவங்களுக்கு எப்ப சொல்லப்போறோம்?"

"யாருக்கு?"

"பேட்ஜ் குத்தியிருக்கவங்களுக்கு. கை வெந்துபோயிருக்கு மேடம். நான் பாத்தேன்."

பத்மாசனி கண்ணாடியைக் கழற்றினார். "அளவைப் பாத்தீங்களா? ஒரு நோயாளிக்கு ஒரு ஸ்கேன்ல படறது ஒண்ணுமே இல்ல. அரைகுறை ஆதாரத்தோட நாம வாயைத் திறந்தா நாளைக்குப் பேப்பர்ல என்ன வரும்? 'எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஆபத்து'. மூளையில ரத்தம் உறைஞ்சவன் ஸ்கேனுக்குப் பயந்து வீட்டுல படுத்துப்பான், செத்துப்போவான். அந்தச் சாவுக்கு நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?"

அது வெறும் மிரட்டல் அல்ல. நியாயமான கேள்வி. மாரிக்கனிக்கு அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

"ஸ்கேனை நிறுத்தச் சொல்லி யார் சொன்னா? நோயாளி வருஷத்துக்கு ஒரு தடவை வரான், போறான். நான் கேக்கறது தினமும் நிக்கறவங்களைப் பத்தி. நீங்க ஒவ்வொரு தடவையும் நோயாளி, நோயாளின்னு பதில் சொல்றீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"சொன்னா தள்ளி நிப்பாங்க."

"நிக்கட்டும்."

"தள்ளி நின்னா கோடு செத்துப்போகும்," என்றார் பத்மாசனி. சொன்ன பிறகு, தான் என்ன சொன்னோம் என்று தனக்கே கேட்டதுபோல ஒரு கணம் நிறுத்தினார். பிறகு குரலைத் தணித்தார். "மூணு மாசம். உறுதியான ஆதாரத்தோட போனா அரசாங்கமே சட்டம் போடும். ஆதாரமில்லாம போனா ஸ்கேன் சென்டர் முதலாளிங்க நம்மைக் கோர்ட்டுக்கு இழுப்பாங்க, அப்புறம் யாருக்கும் எதுவும் நடக்காது. நான் கல்நெஞ்சுக்காரி இல்ல. எனக்கு இந்த நாடு தெரியும்."

"எனக்கு எங்க மைனியத் தெரியும்," என்று சொல்லிவிட்டு மாரிக்கனி வெளியே வந்தாள்.

சாப்பாட்டு வேளை. வராந்தாவில் நின்றபடியே போன் போட்டாள்.

"என்ன ட்டீ, இந்நேரத்துல? சோத்துல கை வச்சிருக்கேன்."

"மைனி, சாப்புட்டுக்கிட்டே கேளு. நடுவுல பேசாத." மாரிக்கனி எல்லாவற்றையும் சொன்னாள். பெர்சியஸ், ஓடை, காந்தம், மேடு. விட்டுவிட்டுச் சொன்னால் தைரியம் போய்விடும் என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

மறுமுனையில் மெல்லும் சத்தம் நின்றது. "கரும்பொருளா? கருமாந்தரம்னு வச்சிருக்கலாம் பேர. அப்போ எத்தன பேரு என்ன மிஷினு வச்சித் தேடியும் கண்ணுக்குத் தெரியாத பொருளு, எங்கையிக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு."

"ஆமா."

"எக்ஸ்-ரேக்காரன் போடுத ஈயக் கோட்டு இருக்குல்லா, அதப் போட்டா?"

"ஆகாது. சுவரு, ஈயம் எல்லாத்தையும் தாண்டி வந்து, காந்தத்துக்கு உள்ள வச்சித்தான் அது எக்ஸ்-ரேயா மாறுது. ஒன் தோலுக்கு உள்ளேயே மாறும். தள்ளி நிக்கதுதான் ஒரே வழி. மெஷின் வாயில இருந்து நாலடி தள்ளுனா ஒண்ணும் கிடையாது."

"இத நீ இங்கன வந்தப்பவே சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லக்கூடாதுன்னு விதி."

"யாரு போட்ட விதி?"

"நாங்க போட்டதுதான். தெரிஞ்சா நீங்க தள்ளி நிப்பீய. தள்ளி நின்னா எங்களுக்குக் கோடு வராது."

தங்கபுஷ்பம் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, கோபமே இல்லாத குரலில், "ஏசின்னு சொன்னியே ட்டீ," என்றாள்.

மாரிக்கனி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரி, அழுது தொலைக்காத. மூக்க உறிஞ்சுதது இங்க வரைக்கும் கேக்கு. பிள்ளையள யாரு பிடிக்கது, அதச் சொல்லு. விட்டா ஆடும், ஆடுனா படம் வராது."

"பெத்தவங்க பிடிக்கட்டும். ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆவாது. தெனமும் நிக்கவங்களுக்குத்தான் சேருது."

"அது நல்ல ரோசனதான். அம்மைக்காரி பிடிச்சா பிள்ளையும் அடங்கிக் கெடக்கும். எனக்குப் பாட்டுப் பாடுத வேலையும் மிச்சம்." பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. "நீ போன வையி. நம்ம டெக்னீசியன் குரூப்பு ஒண்ணு இருக்கு, வாட்ஸாப்புல. கன்னியாகுமரில இருந்து மெட்ராசு வரைக்கும் ஆளு இருக்காவ. நான் பேசிக்கிடுதேன்."

அன்று மாலையே அந்தக் குரல்பதிவு மாரிக்கனிக்கும் சுற்றி வந்து சேர்ந்தது. "எல்லாருக்கும் வணக்கம். நான் திருநவேலி புஷ்பம் பேசுதேன். கையில சொறி மாதிரி இருக்கவங்க எல்லாரும் இதக் கேளுங்க. அது சானிட்டைசரு இல்ல. அந்தக் காந்தம். என் நாத்தனா வானத்துல ஆராய்ச்சி பண்ணுதவ, பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு, ஒருக்கா சொல்லிப் பாத்தா, வெளங்கல. கேஸ படுக்க வச்சதும் வெளிய வந்துருங்க. பிள்ளையள அம்மைமாரு பிடிக்கட்டும். முதலாளி கேட்டா, புஷ்பம் சொன்னான்னு சொல்லுங்க. ஸ்கேன் எடுக்க வாரவங்கள யாரும் பயங்காட்டப்படாது, அவங்களுக்கு ஒண்ணும் கெடையாது. நமக்குத்தான்."

மூன்று மாதம் கழித்து இரண்டாவது சுற்றுப் பேட்ஜுகளை அல்தாஃப் படித்து முடித்தபோது ஆய்வுக்குழுவில் பாதிப்பேர் தலையில் கை வைத்தார்கள். கோடு விழுந்துவிட்டது. திருநெல்வேலி பூஜ்யம். மதுரை பூஜ்யம். கோவை, திருச்சி, சென்னை, எல்லாம் வெறுமை.

பத்மாசனி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே நாளில் வயது கூடியவர்போல் இருந்தார். "அவ்வளவுதான். தற்செயல். முதல் சுற்றுல நம்மை ஏமாத்தியிருக்கு."

"ஆனா மேடம், மேல நோக்கியில மேடு இன்னும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு," என்றான் அல்தாஃப் குழப்பமாக.

மாரிக்கனி எழுந்தாள். இந்தப் பேச்சைப் பலமுறை மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். ஒத்திகையில் அவள் மன்னிப்புக் கேட்பதாக ஒரு வடிவம்கூட இருந்தது. எழுந்து நின்றதும் அது மறந்துபோனது.

"கோடு தானா விழல மேடம். நான் விழ வெச்சேன். அவங்ககிட்ட சொல்லிட்டேன். தள்ளி நின்னுட்டாங்க. முதல் சுற்று முடிஞ்ச அன்னிக்கே. நீங்க பாக்கறது தற்செயல் இல்ல. நூத்துக்கணக்கான பேர் நாலடி பின்னால நகர்ந்திருக்காங்க, அது."

யாரோ ஒருவர், குருட்டுச் சோதனையை உடைத்தது ஒழுங்கு நடவடிக்கைக்குரியது என்று ஆரம்பித்தார். பத்மாசனி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அவர் பார்வை வரைபடத்தின் வலது ஓரத்தில் நின்றிருந்தது.

"அப்ப இது என்ன?"

அங்கே கொஞ்சம் புள்ளிகள் விழாமல் இருந்தன. விழாததோடு, முதல் சுற்றைவிட உயர்ந்தும் இருந்தன.

மாரிக்கனியின் குரல் முதன்முறையாக இறங்கியது. "சித்தூர் பக்கத்து சென்டருங்க. மைனி பேசினது திருநவேலித் தமிழ். அந்த குரூப்ல அவங்க யாரும் இல்ல. இருந்திருந்தாலும் புரிஞ்சிருக்காது. அவங்களுக்கு யாரும் சொல்லல மேடம். நானும் சொல்லல. எங்க ஆளுங்களுக்குச் சொல்லியாச்சுன்னு நிம்மதியா இருந்துட்டேன். நேத்து இந்தப் புள்ளிகளைப் பாக்கற வரைக்கும் அவங்க நினைப்பே எனக்கு வரல."

பத்மாசனி பேப்பரை இழுத்துக்கொண்டார். அவர் விரல்கள் வேகமாக ஓடின. நிமிர்ந்தபோது கண்ணில் அந்தப் பழைய துள்ளல் திரும்பியிருந்தது. "சொன்ன இடத்துல விழுந்திருக்கு. சொல்லாத இடத்துல விழல. தற்செயல்னா, பேட்ஜோட கோளாறுன்னா, ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும். நான் திட்டம் போட்டு உக்காந்திருந்தாக்கூட இவ்வளவு சுத்தமான ஒப்பீடு கிடைச்சிருக்காது. ரெண்டு சுற்றையும் சேர்த்தா நாலு புள்ளி ஆறு. சித்தூர் மட்டும் இன்னொரு மூணு மாசம் இப்படியே இருந்தா..."

அவர் முடிக்கவில்லை.

"இருக்காது மேடம்," என்றாள் மாரிக்கனி. "காலையில இருந்து போன் போட்டுக்கிட்டிருக்கேன். யூடியூப்ல பாத்து நாலு வரி தெலுங்கு கத்துக்கிட்டேன். ரெண்டு பேர் லோன் கம்பெனின்னு நினைச்சு வெச்சுட்டாங்க. ஒரு பொண்ணு சிரிச்சுட்டு வெச்சுருச்சு. சாயங்காலம் பஸ் ஏறப்போறேன். நேர்ல போய் கையைப் பிடிச்சு நகர்த்தியாவது வெச்சுட்டு வருவேன்."

"நாலு புள்ளி ஆறுல நின்னா 'அறிகுறி'தான். தெரியுமில்ல? வேற எவனாவது பின்னாடி வந்து 'கண்டுபிடிப்பு'ங்கற வார்த்தையை எடுத்துட்டுப் போவான். ஜெர்மனி போச்சு."

"எடுத்துக்கட்டும். அதுக்கு எத்தனை கை வேகணும்னு அவனே போய் எண்ணிக்கட்டும்."

பத்மாசனி வரைபடத்தைப் பார்த்தார். மாரிக்கனியைப் பார்த்தார். மறுபடி வரைபடத்தின் அந்த வலது ஓரத்தைப் பார்த்தார். அது எவ்வளவு நேரம் என்று அல்தாஃபைக் கேட்டால் ஒருவேளை அளந்து சொல்லியிருப்பான். மற்றவர்களுக்கு அது நீண்டுகொண்டே போனது.

"சிரிச்சுதுன்னு சொன்னியே அந்தப் பொண்ணு," என்றார் கடைசியில். "என்னன்னு பேசின அவகிட்ட? சொல்லு பாப்போம்."

மாரிக்கனி சொன்னாள்.

பத்மாசனி கண்ணை மூடிக்கொண்டார். "தெய்வமே. காந்தத்தைக் கட்டிக்கோங்கன்னு சொல்லியிருக்க அவகிட்ட." கையை நீட்டினார். "போனைக் குடு. எங்க வீட்டுல தெலுங்குதான்."

அவர் சித்தூர் எண்ணை அழைத்தார். மணி அடித்தது. எடுத்தார்கள். பத்மாசனி அம்மா என்று விளித்து, தன் பெயரைச் சொல்லி, வீட்டுத் தெலுங்கில் நிதானமாகப் பேச ஆரம்பித்தார். இடையில் ஒருமுறை தன் முழங்கையைத் தானே தொட்டுக்கொண்டு ஏதோ கேட்டார். மறுமுனையில் அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு வேகவேகமாக ஏதோ சொன்னாள். மாரிக்கனிக்கு அந்தப் பேச்சில் ஒன்றும் புரியவில்லை. திரும்பத் திரும்ப வந்த ஒரு வார்த்தை மட்டும் புரிந்தது. தூரங்கா. தூரங்கா. அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் பத்மாசனியின் இடது கை, எதிரில் ஆள் நிற்பதுபோல, காற்றைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

பேசி முடித்துப் போனை வைத்தார். வரைபடம் இருந்த திரையை அல்தாஃபை அணைக்கச் சொன்னார்.

"ம். அடுத்த நம்பரைச் சொல்லு."